சுத்தமான மூன்று மாதம்

தம்பி,

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ விடிந்ததும் விடியாததுமாய் வேலைக்குப் போய்விட்டாய். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இடையில் நின்று, உள்ளே ஒரு மனுசி அகப்பட்டுக்கொண்டாளாம். மருமகள் அனுஷா இன்னும் எழும்பவில்லை. வாயும் வயிறுமாக இரவெல்லாம் புரண்டவள், படுக்கட்டும் என்று குசினிக் கதவைச் சாத்திவிட்டு இருந்து இதை எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் நீ வந்து, "அந்த வீடு கைவிட்டுப் போயிட்டுது அம்மா. கிழவற்ரை மகள் வேற ஆக்களுக்குக் குடுத்திட்டாவாம்" என்று சொன்னாய். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு "சே பா க்ராவ், மாமான்" என்றாய். பெரிய விசயம் இல்லையாம், பரவாயில்லையாம். எனக்கு வேறு என்ன தெரியும், புட்டைச் சூடாக்கினேன். நீ சாப்பிட்டாய், உன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவித் துடைத்து வைத்தாய், போய்ப் படுத்தாய். நீ சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்தக் கோப்பையைக் கழுவி வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே சொல்லலாமே, ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். நேரே கதைத்தால் நான் தமிழில் தொடங்குவேன், நீ பிரெஞ்சில் முடிப்பாய், இரண்டு பேரும் வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போவோம். இத்தனை வருடமாக நாங்கள் சண்டை பிடிக்கிற விதமே அதுதான். அதோடு, எங்கள் கோயில் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாரிசில் ரூ காய் தெருவில் நான் வேலை செய்கிற சேலைக் கடைக்கு வருகிற அம்மாமாரில் பாதிப் பேருக்கு வீட்டில் இதே கதைதான், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே இதை எல்லாரும் வாசிக்கட்டும். பயப்படாதே, என் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. அனுஷாவின் பெயரை மாற்றிவிட்டேன். நீ எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க ஒரு கிழமை எடுக்கும், அதனால் அவளை வாசித்துக் காட்டச் சொல். அவள் உன்னைவிட நல்லாய்த் தமிழ் வாசிப்பாள்.

லண்டனில் இருக்கிற உன் சித்தியின் மகளுக்கும் வீடு வாங்கத்தான் ஆசை. அவளுக்கு அங்கே ஒரு எண் இருக்கிறது. தொலைபேசியில் வரும், அவள் கடன்காசை எப்படிக் கட்டுகிறாள் என்று பார்த்து அந்த எண்ணை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஆறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்து பார்த்தாளாம், ஏதோ இரண்டு புள்ளி ஏறியதாம். "பெரியம்மா, இது ஏறுறதுக்குள்ளை நான் கிழவி ஆகிடுவன்" என்று அழுதாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்காவது பார்க்க ஒரு எண் இருக்கிறது. இங்கே, பாரிசில், எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை. வங்கிக்காரனுக்கு உன் கணக்கின் கடைசி மூன்று மாதத்தைக் காட்டவேண்டும், அந்த மூன்று மாதமும் சுத்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். சுத்தம் என்றால் என்ன என்று ஒருவரும் முதலில் சொல்வதில்லை. அழுக்குப் பட்ட பிறகுதான் இதுதான் அழுக்கு என்று சொல்கிறார்கள்.

உன் அழுக்கு அந்தக் கறுப்புக் காரில் தொடங்கியது. நீ அதைக் கடனுக்கு எடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து "ஏறுங்கோ அம்மா" என்று நீ சொன்ன வடிவைக் கண்டு எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. பிறகு நீ முந்தி வேலை செய்த கம்பனி ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் நிறுத்திவிட்டார்கள். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. வழக்கம்போல விடிய எழும்பி, சாப்பாட்டுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனாய். அந்தப் பெட்டியை எந்தப் பூங்காவில் வைத்துச் சாப்பிட்டாயோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னேரங்களில் தொலைபேசி வரும், நீ எழும்பி வெளியே படிக்கட்டடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் பிரெஞ்சில் கெஞ்சுவாய். நான் மடைச்சி, யாரோ ஒரு பெட்டைதான் கோபமாய் இருக்கிறாள், இவன் சமாதானம் சொல்கிறான் என்று நினைத்தேன். மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். வெள்ளைக்காரியாக இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவுகூட எடுத்து வைத்திருந்தேன். கெஞ்சினது காரின் கடன்காரரிடம் என்று தெரிந்தபோது கார் போய்விட்டது, உன் பெயரும் கடன் தவறினவர்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

"ஏன்ரா என்னட்டைக் கேக்கேல்லை?" என்று நான் அன்றைக்குக் கத்தினேன். நீ "உங்களிட்டை எங்கையம்மா கிடக்கு?" என்று அமைதியாகக் கேட்டாய். எனக்கு அது சுட்டது, ஏனென்றால் என்னிடம் இருந்தது. வங்கியில் இல்லை, அலுமாரியில் இல்லை. ஆட்களிடம் இருந்தது. நான் மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த நேரம் ஒருத்தியின் மகளுடைய சாமத்தியச் சடங்கு மண்டபத்திலும், ஒருத்தியின் வக்கீலிடமும், இன்னொருத்தியின் வீட்டு முற்பணத்திலும் கிடந்தது. எல்லாம் கைமாத்து. இந்தச் சொல்லை உனக்கு நான் ஒருநாளும் ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். கடன் வேறு, கைமாத்து வேறு. கடனுக்கு வட்டி உண்டு, தவணை உண்டு, முகம் கொடுக்காமல் தெருவைக் கடப்பதும் உண்டு. கைமாத்து என்பது என் கையில் இருக்கிறது உன் கைக்குப் போகிறது, உனக்கு ஏலுமான நேரம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதைத் திருப்பிக் கேட்பதற்குக்கூட ஒரு விதம் இருக்கிறது. "என்ன, பிள்ளையின்ரை அலுவல் எல்லாம் முடிஞ்சுதோ?" என்று கேட்டால் போதும். அடுத்த கிழமை காசு கடைக்கு வரும். நீ அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் நாலு பேரிடம் பிள்ளைகளின் சுகம் விசாரித்திருப்பேன், உன் கார் நின்றிருக்கும்.

உனக்கு அப்பாவின் செத்தவீடு நினைவிருக்கும். நீ அப்போது லீசேயில் படித்துக்கொண்டிருந்தாய். பெட்டிக்கும் புதைகுழிக்கும் சொன்ன கணக்கைக் கேட்டு நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். மளிகைக் கடை யோகன் அண்ணை வந்தார், கையில் ஒரு பை, பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு ஏன் இந்த மனுசன் முருங்கைக்காய் கொண்டுவருகிறார் என்று யோசித்தேன். காய்க்குக் கீழே காசு இருந்தது. நான் கேட்கவில்லை. அவர் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, உன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதைக் கொடுத்து முடிக்க எங்களுக்கு எவ்வளவோ காலம் பிடித்தது. ஒருநாளாவது அவர் என்னிடம் உன் படிப்பைப் பற்றி விசாரித்ததில்லை. கேட்டால் நான் வேறு மாதிரி விளங்கிக்கொள்வேன் என்று பயந்து, உண்மையாகவே உன் படிப்பைப் பற்றி அறிய ஆசை இருந்தும் கேட்காமலே இருந்தார். அது எனக்குப் பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இனி இந்த வீட்டுக்கு வருகிறேன். நீ இப்போதிருக்கிற கம்பனியில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்து, கார்க்கடனையும் ஒரு சதம் மிச்சமில்லாமல் கட்டி, பட்டியலில் இருந்து பெயரும் எடுபட்டபோது, எல்லாம் முடிந்தது என்று நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அனுஷா இரவுச் சாப்பாட்டுக்கே இருக்காமல் கதைத்தாளே. மூன்று அறை, பின்னுக்கு மரம், கீழே தொட்டில் வண்டி வைக்க இடம், எல்லாவற்றையும்விட லிஃப்ட். மகன் ஊரெல்லாம் லிஃப்ட் திருத்துகிறான், தாய் ஐந்தாம் மாடிக்கு அரிசி மூட்டையோடு ஏறி இறங்குகிறாள் என்று கடையில் என்னைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. வீட்டுக்காரக் கிழவர் பூச்செடி வளர்க்கிறவர். அனுஷா அந்தச் செடிகளின் பெயரைக் கேட்டதாலேயே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கடன் கிடைக்கும்வரை பொறுக்கிறேன் என்று வாயால் சொன்னார். நாங்களும் அவரைப் போலவே வாயை நம்புகிற ஆட்கள்தானே, நம்பினோம்.

கூர்த்தியே என்று சொல்கிற, வங்கிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று வீட்டுக் கடன் பேசித்தருகிற அந்தப் புதுச்சேரிப் பெண், பட்டியலில் பெயர் போனது நல்லதுதான், ஆனால் மூன்று மாதம் சுத்தமாகக் காட்டுங்கள் என்றாள். நீ காட்ட வெளிக்கிட்டாய். முதல் தடவை இரண்டு மாதம் ஒழுங்காகப் போய், மூன்றாம் மாதம் நீ மறந்துபோன ஏதோ உடற்பயிற்சிச் சந்தாவை அவர்கள் சம்பளத்துக்கு முதல்நாள் இழுத்துவிட்டார்கள். கணக்கு ஒரு தேத்தண்ணிக் காசு அளவுக்குக் கீழே போனது. அடுத்த நாள் சம்பளம் வந்தது. ஆனாலும் கீழே போனது போனதுதானாம், திரும்பவும் முதலில் இருந்து. அன்றைக்கு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன்.

இரண்டாம் தடவையைக் கெடுத்தது நான். உனக்கு இது புதுக்கதை இல்லை, ஆனால் மலரை வாசிக்கிற அம்மாமார் அறியவேண்டும். வங்கி கொஞ்சம் கையிருப்பும் பார்க்கும் என்று நீ சொன்னாய் அல்லவா. சரி, என் பிள்ளைக்கு என்னால் ஏலுமானது இது என்று நான் கடையில் நின்று எல்லாரிடமும் சுகம் விசாரித்தேன். ஒரு கிழமைக்குள் எல்லாரும் தந்தார்கள், தம்பி. ஒருத்தியும் இல்லை என்று சொல்லவில்லை. என் நெஞ்சு நிமிர்ந்து நின்ற கிழமை அது. கையில் வாங்கி, எண்ணி, உன்னிடம் தந்து, நீ கொண்டுபோய்ப் போட்டு, ஏன் இந்த அலைச்சல் என்று, உன் கணக்கு இலக்கத்தை எல்லாருக்கும் அனுப்பி நேரே போடச் சொன்னேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். போட்டார்கள். போட்டது மட்டும் இல்லாமல், காரணம் எழுதுகிற இடத்தில் ஆளுக்கொன்று எழுதினார்கள். ஒருத்தி "மெர்சி அக்கா" என்றாள். ஒருத்தி பிரெஞ்சு எழுத்தில் "கைமாத்து முடிஞ்சுது" என்று போட்டாள். இன்னொருத்தி, சும்மா காசு என்று போட்டால் வங்கி சந்தேகப்படும் என்று தானாகவே யோசித்து, "சேலைக் காசு" என்று போட்டுவிட்டாள்.

நீ தொலைபேசியைப் பிடித்தபடி குசினிக்கு வந்து, "என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் கிடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கூர்த்தியேயிடம் ஓடினோம். அவள் காகிதத்தை மேசையில் விரித்து வைத்து, தலையில் கை வைத்தாள். "அம்மா, இந்தப் பொம்பளைங்கல்லாம் யாரும்மா? உங்க பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பண்றாருன்னு போட்டிருக்கேன், இங்க புடவை விக்கிறாருன்னு வந்திருக்கே!" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பேனையை எடுத்து, "சரி, இது தோனா, ப்ரேவா? சும்மா குடுத்ததா, கடனா? சும்மா குடுத்ததுன்னா அவங்க ஏன் குடுத்தாங்கன்னு கேப்பான். கடன்னா உங்க பிள்ளை இவ்ளோ பேருக்குக் கடன்காரர்னு எழுதிடுவான்" என்றாள். "ரண்டும் இல்லைப் பிள்ளை, கைமாத்து" என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டாள். "கைமாத்துன்னா எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்லயும் அப்டித்தானே. ஆனா அத நான் எந்தக் கட்டத்துல எழுதுவேன், சொல்லுங்க" என்று கேட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். அந்தச் சொல் விளங்கின ஒரே ஆள் வங்கிப் பக்கம் இருந்தும், எங்களுக்கு ஒரு அலுவலும் ஆகவில்லை.

காசு போட்ட ஒவ்வொருத்தியும் தன் கையால் ஒரு காகிதம் எழுதி, அடையாள அட்டையின் பிரதியும் தந்தால் பேசிப் பார்க்கலாம் என்றாள். நீயும் நானும் வீடு வீடாகப் போனோம். எல்லாரும் எழுதித் தந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு இன்னும் விசா இல்லை. அவள் காசு போட்டது ஒன்றுவிட்ட அக்காவின் கணக்கில் இருந்து, அந்த அக்காவின் புருசனுக்கு அது தெரியாது. அவள் கதவடியில் நின்று, "அக்கா, நான் எங்கை அக்கா கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டாயப்படுத்த வாய்வரை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். என் பிள்ளையின் வீடா, இவளின் பயமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நீதான் "விடுங்கோ அம்மா. இன்னொரு மூண்டு மாசம் போகட்டும், இதெல்லாம் பழசாகிடும்" என்று சொல்லி, அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாய். படியில் இறங்கும்போது எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அதிலிருந்து என் கையைக் கட்டிப்போட்டுவிட்டாய். உனக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உனக்கு நான் செய்கிற உதவி என்றாய். ஒரு தாய்க்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுக்க முடியாது, தம்பி. கனடாவில் இருந்து உன் மாமா இந்த வீட்டுக்காகக் காசு அனுப்பப்போகிறேன் என்று எடுத்தார், போட்டுவிடாதேயுங்கோ என்று நான் தொலைபேசியிலேயே கும்பிட்டேன். அனுஷாவின் வளைகாப்புக்கு ஆட்கள் தந்த என்வலப்புகளை வாங்கி, பத்திரமாக வைத்து, கணக்கில் போடவும் முடியாமல், செலவழிக்கவும் மனமில்லாமல் அவளிடமே கொடுத்தேன். வேறு வழி தெரியாமல் அந்தோனியாரிடம் போய் நின்றேன். அவர் தொலைந்துபோன சாமானைத் தேடித்தருகிறவர், தொலைந்த மாதங்களுக்கு அவர் பொறுப்பில்லை போல. அதனால்தான் இன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை. கோபம் அடுத்த ஞாயிறு ஆறும்.

மூன்றாம் தடவை நீ பிழையே விடவில்லை. நண்பர்களோடு வெளியில் சாப்பிடப் போகவில்லை, ஏனென்றால் ஒருவன் கொடுத்து மற்றவர்கள் அவன் கணக்குக்குத் திருப்பிப் போடுவார்கள், அது கணக்கில் தெரியும். அனுஷாவின் தங்கச்சிக்குப் பிறந்தநாள் காசு போடவில்லை. காலையில் பல்லு விளக்குவதற்கு முதல் கணக்கைப் பார்ப்பாய். நான் உன் முகத்தைப் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் யோகன் அண்ணை உனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய மனைவியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் தவறிவிட்டார், மனுசி உடனே போகவேண்டும், கடைசி நிமிட விமான ரிக்கெட் என்ன விலை என்று உனக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்றேன். நீ "ஓம் அண்ணை... ஓம் அண்ணை..." என்று கேட்டுக்கொண்டே வந்தாய், பிறகு உன் குரல் மாறியது. "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்த மாசம் என்ரை கணக்கிலை இருந்து ஆருக்கும் போக ஏலாது. பாங்க் பாத்துக்கொண்டு நிக்குது" என்றாய்.

நீ எனக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போடவில்லை, ஆனால் அவருடைய குரல் பெரியது, எனக்குக் கேட்டது. "ஐயோ, அதுக்கென்ன தம்பி. எனக்கு விளங்குது. நான் வேற ஆரிட்டையும் பாக்கிறன். நீ வீட்டு அலுவலைக் கவனி. அம்மா சுகமோ?" என்றார். நான் உன்னைப் பார்த்து, பச்சைக் காசாகக் கையில் எடுத்துக் கொடேன் என்று சைகை காட்டினேன். நீ ஏலாது என்று தலையை ஆட்டினாய். பெருந்தொகை பச்சைக் காசாக எடுத்தால் அதற்கும் கேள்வி வரும், அதுவும் கையிருப்பில் இருந்து. என்னிடம் இருந்ததெல்லாம் உன் கணக்கில். சம்பளம் வர நாள் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும், காசை வைத்துக்கொண்டு, இல்லாத ஆட்களைப் போல நின்றோம். மனுசி செத்தவீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ரிக்கெட்டுக்குக் காசு பிரட்டி முடியும்போது அங்கே எடுத்துவிட்டார்கள். கடைக்கு வந்து சேலை வாங்கும்போது என்னைப் பார்த்து வழக்கம்போலத்தான் சிரித்தா. நான்தான் அளவுநாடாவைத் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அப்படிக் காத்த மாதங்கள் அவை. இந்த மாதம் முடிந்திருந்தால் மூன்றும் முடிந்திருக்கும். கூர்த்தியே உன் காகிதங்களைப் பார்த்து, "இப்ப சூப்பரா இருக்கு, ஒரு தூசு இல்ல" என்று சொன்னாள் என்று நீ போன கிழமை சொன்னாய். நானும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். சம்பளம் வருகிறது. வாடகை போகிறது. மின்சாரம், தொலைபேசி, மெத்ரோ. அதில் உன் அம்மா இல்லை, மாமா இல்லை, நண்பன் இல்லை, யோகன் அண்ணை இல்லை. ஒரு மனுசனுக்கும் நீ ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு மனுசனிடமும் ஒன்றும் வாங்கவில்லை. வங்கிக்குப் பிடித்த ஆள் இவன்தான் போல என்று நினைத்தேன், எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, சரி, வீடு வரட்டும், வீடு வந்தால் என் பிள்ளை பழைய ஆளாகிவிடுவான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நேற்று நீ வந்து, கிழவர் பொறுத்தாலும் மகள் பொறுக்கவில்லை என்று சொன்னாய்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். அம்மாமார் அதற்குத்தானே எழுதுவது. ஆனால் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொரு வீடு வரும் என்று சொல்லலாம், வருமோ தெரியாது. வந்தாலும், அதுவரைக்கும் ஒவ்வொரு மாதத்தையும் இப்படியே துடைத்துத் துடைத்து வைத்திருக்க வேண்டும், ஒரு தேத்தண்ணிக் காசு தவறினாலும் முதலில் இருந்து. பிள்ளை பிறந்துவிடும், அதன் தொட்டிலை இந்த ஐந்தாம் மாடியில் என் கட்டிலுக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் வைப்போம். வங்கிக்காரனிடம் நான் போய்ச் சண்டை பிடிக்கலாம், எந்த மொழியில் பிடிப்பது? அவன் கேட்பதும் பிழையில்லை என்று நீயே சொல்கிறாய். அப்படியென்றால் நான் யாரில் கோபப்படுவது? இதுவரைக்கும் எனக்கு வந்த எந்தக் கரைச்சலிலும் நான் செய்ய ஏதாவது ஒன்று இருந்தது. ஓடுவேன், கேட்பேன், அழுவேன், யாராவது வருவார்கள். இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா இருக்கிறேன், சும்மா இருப்பது எனக்கு வராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அனுஷாவிடம் ஒன்றையும் மறைக்காதே. பூங்காவில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற நாள் இனி உனக்கு வரக்கூடாது, வந்தால் அவளுக்குத் தெரிந்து வரட்டும். நேற்று "சே பா க்ராவ்" என்று என்னிடம் சொன்னாயே, அவளிடம் அப்படிச் சொல்லாதே. க்ராவ்தான். பெரிய க்ராவ். அவள் அந்தப் பின்பக்க மரத்துக்குக் கீழே பிள்ளையை வைத்துப் படம் எடுக்கிற மாதிரி நினைத்து வைத்திருந்தவள். இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கோ, நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

தம்பி, எனக்கு வீட்டைவிடப் பெரிய பயம் இதுதான். ஒருவரிடமும் கேட்காமல், ஒருவருக்கும் கொடுக்காமல் இருக்க நீ இந்த மாதங்களில் நல்லாய்ப் பழகிவிட்டாய். காருக்குக் கேட்காமல் இருந்தவன், இப்போது கேட்காமல் இருப்பதற்குப் பாராட்டும் வாங்குகிறாய். அது உன் கைக்குப் பழகிப்போய்விடும், பிறகு வீடு வந்தாலும் போகாது. வங்கிக்கு எப்படி வேண்டுமானாலும் இரு. என்னோடு அப்படி இராதே. என்னிடம் இப்போது ஒரு சதமும் இல்லை, எல்லாம் உன் கணக்கில்தான் கிடக்கிறது, அது உனக்கே தெரியும். நீ கேட்டால், இல்லையடா தம்பி என்றுதான் நான் சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும், உனக்கும் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் நீ வந்து என்னிடம் கேள்.

அம்மா